காரைக்குடியின் பொதுவாழ்வை எதைக் கொண்டு அளப்பது?

நீங்கள் கேட்டது இது: "காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கமும் கல்லூரி மாணவர்கள் சிலரும் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரிக்க நினைக்கிறோம். பல சாதியாரும் பல மதத்தாரும் வாழும் இந்த ஊரில் மக்கள் பொதுக் காரியங்களில் எவ்வளவு ஈடுபடுகிறார்கள், ஊரின் குடிமை நலம் எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும். வாக்கு சதவீதம், சங்கங்களின் எண்ணிக்கை, தூய்மைத் தரவரிசை ஆகிய மூன்றும் போதுமா? வேறு எதைக் கணக்கெடுக்கலாம்?"

போதாது. கைக்கு எளிதில் கிடைக்கும் எண்கள் என்பதால் எல்லா ஊர்களிலும் இந்த மூன்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள். செட்டிநாட்டில் இவற்றை மட்டும் நம்பினால் ஊரைப் பற்றித் தவறான நிறைவுதான் மிஞ்சும்.

தூய்மைத் தரவரிசையை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். 2016-இல் 73 நகரங்களுடன் தொடங்கிய மத்திய அரசின் அந்தக் கணக்கெடுப்பு, நிர்வாகம் குப்பையை எப்படிக் கையாளுகிறது என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. பொதுமக்கள் கருத்து என்று ஒரு பகுதி அதில் உண்டு. ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் தருவதால், எந்தத் தெருவுக்கு வண்டி வருகிறது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்பது அதற்குள் மறைந்துவிடும்.

வாக்கு சதவீதம் பயனுள்ளதுதான். எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75 சதவீதமும், நகராட்சிகளில் 68 சதவீதமும், மாநகராட்சிகளில் 52 சதவீதமும் பதிவாயின. சென்னையில் 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வார்டு பெரிதாகப் பெரிதாக வேட்பாளர் முகம் தெரியாதவர் ஆகிறார். வீட்டுக்கு வந்து கூப்பிடும் உறவும் குறைகிறது. காரைக்குடி அந்தத் தேர்தலை நகராட்சியாகச் சந்தித்தது. 2024-இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. அடுத்த முறை சதவீதம் குறைந்தால், "மக்களுக்கு அக்கறை போய்விட்டது" என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஊரின் மொத்த சதவீதத்தை விட்டுவிட்டு வாக்குச்சாவடிவாரியாக எடுங்கள். கண்டனூரின் ஒரு சாவடியில் முன்பு எத்தனை பேர் வந்தார்கள், இணைந்த பிறகு அதே தெருக்களிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஒப்பீடுதான் ஏதாவது சொல்லும்.

இணைப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஊராட்சியில் இருந்தவருக்கு கிராம சபை இருந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்கலாம். மாநகராட்சிக்குள் வந்ததும் அந்த உரிமை போய்விடுகிறது. அதற்கு ஈடாகச் சட்டம் தருவது வார்டு குழுவும், வார்டின் ஒரு பகுதியில் உள்ள வாக்காளர்கள் கூடும் பகுதி சபையும். பகுதி சபைகள் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாகக் கூடின. கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் பேரும் அவற்றுக்கு இன்னும் வரவில்லை. எனவே உங்கள் அறிக்கையின் முதல் அட்டவணை இதுவாக இருக்கட்டும்: இணைக்கப்பட்ட ஒவ்வொரு ஊரிலும் கடைசியாக நடந்த கிராம சபைகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தீர்மானங்கள் போட்டார்கள், இப்போது அதே மக்களுக்குப் பகுதி சபை எங்கே, எப்போது கூடுகிறது, யாருக்குத் தகவல் சொல்லப்படுகிறது. பழைய தீர்மானப் பதிவேடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அலுவலகம் மாறும்போது பழைய பதிவேடுகள் எங்கே போகின்றன என்று தேடி அலைய நேரிடும்.

இனி சங்கங்கள். இங்கேதான் நம் ஊர்க் கணக்கு பெரிதும் ஏமாற்றும்.

செட்டிநாட்டில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-இல் தொடங்கியது. 1919-இல் பாரதியார் அங்கே வந்து அதைப் பாடினார். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு இளையாற்றங்குடி முதல் வேலங்குடி வரை ஒன்பது கோவில்கள். ஊருக்கு ஊர் நகரச் சிவன் கோவில்கள். வெளியூர்களில் நகர விடுதிகள். கோவில் திருவிழாக்களில் யார் எந்த நாள் மண்டகப்படி என்ற ஏற்பாடு தலைமுறைகளாக நிற்கிறது. ஜமாஅத், பங்குப் பேரவை, நாட்டார் கூட்டம், சாதிச் சங்கம், ரசிகர் மன்றம், பழைய மாணவர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு என்று எண்ணிக்கொண்டே போகலாம். எண்ணி முடித்தால் தமிழகத்தின் பல நகரங்களை நாம் மிஞ்சிவிடுவோம்.

எண்ணிக்கையை வைத்து ஊரின் நலத்தை அளக்கும் வழக்கம் பெரும்பாலும் ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அறிஞரின் ஆய்விலிருந்து வந்தது. இத்தாலியில் 1970-இல் மாநில அரசுகள் உருவாக்கப்பட்டன. ஒரே சட்டம், ஒரே அமைப்பு. ஆனால் வடக்கே அவை நன்றாக நடந்தன, தெற்கே தடுமாறின. விளையாட்டுக் கழகங்கள், பண்பாட்டுச் சங்கங்கள், செய்தித்தாள் வாசிப்பு, பொது வாக்கெடுப்பில் பங்கேற்பு ஆகியவை மிகுந்த இடங்களில் அரசும் நன்றாக நடந்தது என்று அவர் கண்டார். பின்னாளில் அவரே அமெரிக்காவில் சுமார் 30,000 பேரிடம் நடந்த கணக்கெடுப்பை ஆராய்ந்து, பல இனத்தார் கலந்து வாழும் பகுதிகளில் மக்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள், பக்கத்து வீட்டாரையும் குறைவாகவே நம்புகிறார்கள் என்று 2007-இல் எழுதினார். காலப்போக்கில் அது மாறும் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பின்பகுதியைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு அசுதோஷ் வர்ஷ்னியுடையது. இந்து முஸ்லிம் மக்கள்தொகை விகிதம் ஏறத்தாழ ஒத்த நகரங்களை அவர் இரண்டிரண்டாக எடுத்தார்: அலிகாரும் கோழிக்கோடும், ஹைதராபாத்தும் லக்னோவும், அகமதாபாத்தும் சூரத்தும். ஒவ்வொரு இணையிலும் ஒன்று கலவரத்துக்குப் பேர்போனது. மற்றது பெரும்பாலும் அமைதியானது. எங்கே வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை, கட்சிக் கிளை போன்றவற்றில் இரு மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்தார்களோ, அங்கே வதந்தி கிளம்பியபோது அதை அடக்க ஆள் இருந்தார்கள். தன் சமூகத்துக்குள்ளேயே அடங்கிய சங்கங்கள் எத்தனை இருந்தாலும் அந்த வேலையைச் செய்யவில்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பது, பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பது போன்ற அன்றாடப் பழக்கம் கிராமத்தில் போதுமானதாக இருக்கிறது, நகரம் பெரிதாகும்போது அது தாங்குவதில்லை என்பதும் அவர் கண்டதே. ஒரு லட்சத்தைத் தாண்டிய, இப்போது சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்ட காரைக்குடி, அந்த எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது என்பது என் கணிப்பு.

இந்தச் செய்தியை நாம் அயலாரிடம் கற்க வேண்டியதும் இல்லை. குன்றக்குடி அடிகளார் 1982-இல், கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து கிறிஸ்தவர் கலவரம் நடந்தபோது, அங்கே போய் அமைதிக்காக உழைத்தவர். பல சமயத்தாரும் ஒரே மேடையில் அமரும் திருவருட் பேரவை அவர் முயற்சியில் வளர்ந்தது. குன்றக்குடியில் அவர் நடத்திய கிராமத் திட்டத்தில் மடமும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக விஞ்ஞானிகளும், ஊர் மக்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். அப்போதைய மத்திய திட்டக் குழுவே அதை ஒரு முன்மாதிரியாக ஏற்றது. ஒரு சைவ மடத்தின் தலைவர் தன் மடத்துக்கு வெளியே இருப்பவர்களோடு பொது வேலையில் இறங்கியதால் கிடைத்த பலன் அது. இப்படிப்பட்டவற்றைத்தான் நீங்கள் தேடிக் கணக்கிட வேண்டும்.

எனவே சங்கங்களை எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவையும் திறந்து பாருங்கள். எத்தனை தெருக்களிலிருந்து ஆட்கள் இருக்கிறார்கள், எத்தனை சமூகத்தார், எத்தனை மதத்தார், பெண்கள் மகளிர் அணிக்கு வெளியே எங்கே இருக்கிறார்கள் என்று குறியுங்கள். முக்கியமாக, பொருளாளர் யார் என்று கேளுங்கள். துணைத் தலைவர் பதவியை யாருக்கும் மரியாதைக்குக் கொடுத்துவிடலாம்; பணப்பெட்டிச் சாவியை நம்பிக்கை உள்ளவரிடம்தான் கொடுப்பார்கள். இப்படிப் பார்த்தால் பெரிய பேர் உள்ள சில அமைப்புகள் ஒரே சமூகத்துக்குள் அடங்கியிருப்பதையும், யாரும் சங்கம் என்றே எண்ணாத ஆட்டோ நிலையமும் இரத்ததானக் குழுவும் கடைவீதி வியாபாரிகள் சங்கமும் ஊரையே தைத்துக்கொண்டிருப்பதையும் காண்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவையும் விட்டுவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார்கள் சாதி பார்க்காமல் சட்டப்படி ஒரே மேசையில் உட்காரும் இடம் ஊரில் வேறு அதிகம் இல்லை. அந்த மேசையில் யார் வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் சட்டம் தந்துவிட்டது. கூட்டத்தில் பேசுவது உறுப்பினரா அவருடைய கணவரா என்பதை நேரில் போய் உட்கார்ந்துதான் அறிய முடியும்.

அடுத்து, யாரை எண்ணுவது? செட்டிநாட்டில் இது மற்ற ஊர்களைவிடச் சிக்கலான கேள்வி.

நகரத்தார் வழக்கில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளி வரி கொடுப்பவர் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அவர் தம் ஊர்க் கோவிலின் கணக்கில் இருக்கிறார். ஊர்க் காரியத்தில் அவருக்குக் குரல் உண்டு. ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் வீட்டின் உரிமையாளர் திருப்பணிக்குப் பெருந்தொகை தருகிறார், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வருகிறார், திரும்பிப் போகிறார். இது உண்மையான ஈடுபாடு. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திராவிட்டால் மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்திருக்காது. ஆனால் அந்த வீட்டின் எதிரே வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டால், கூட நின்று மனுக் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. வாக்காளர் பட்டியல் வேறு ஒரு கூட்டத்தைக் காட்டும்: இங்கே முகவரி உள்ளவர்களை. கட்டட வேலைக்கும் உணவகங்களுக்கும் வந்திருக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் இந்த இரண்டிலும் இல்லை. ஊரைக் கட்டும் கைகள் அவர்களுடையவை. ஊர்க் கணக்கு எதிலும் அவர்கள் பெயர் கிடையாது.

ஆகவே மாதிரியை மூன்று இடங்களிலிருந்து எடுங்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் தேர்ந்தவர்கள் ஒரு பங்கு. பட்டியலில் இல்லாமல் இங்கே தங்கி உழைப்பவர்கள், அவர்கள் தங்குமிடங்களுக்கே போய், ஒரு பங்கு. வெளியூரில் வாழும் ஊர்க்காரர்கள் தனியாக. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடாதீர்கள். அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள்.

மாதிரியின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகத் தேர்ந்தெடுத்த 400 பேர் இருந்தால் ஊர் முழுவதற்கும் ஐந்து சதவீதம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். அதே 400 பேரை வார்டு வார்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். அதை வைத்து "இந்த வார்டு முதலிடம், அந்த வார்டு கடைசி" என்று எழுதுவது பொய்யாகிவிடும். மாணவர்கள் இதைச் செய்யத் துடிப்பார்கள், தடுத்துவிடுங்கள். வார்டுகளை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நான்கைந்து பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் போதிய பேரைப் பாருங்கள்.

கேள்வித்தாளில் "பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?" என்ற உலகக் கணக்கெடுப்புக் கேள்வியைச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் நம் ஊரில் வாசலில் நிற்கும் பிள்ளையிடம் யாரும் "நம்ப மாட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். மோர் கொடுத்து, "எல்லாரும் நல்லவர்கள்தான் தம்பி" என்பார்கள். 2019-20இல் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய ஆய்வில், பிற மதங்களை மதிக்க வேண்டும் என்று பெருவாரியானோர் சொன்னார்கள். அதே மக்களில் பத்தில் ஏழு பேர், தம் நெருங்கிய நண்பர்களில் பெரும்பாலோர் அல்லது அனைவருமே தம் சாதியினர் என்றும் சொன்னார்கள். கருத்தைக் கேட்டால் முதல் பதில் வரும். நடந்ததைக் கேட்டால் இரண்டாவது வரும். எனவே நடந்ததைக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் உறவினரோ உங்கள் சமூகத்தாரோ அல்லாத ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? உங்கள் தெருவுக்கு வெளியே ஒரு துக்க வீட்டுக்குப் போனீர்களா? வேறு சமூகத்தாருக்கு வீடு வாடகைக்கு விட்டீர்களா, அல்லது கேட்டு மறுக்கப்பட்டீர்களா? தெருவிளக்கு எரியாதபோது யாரிடம் சொன்னீர்கள், எத்தனை நாளில் எரிந்தது?

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரித்துவிட்டுத்தான் இங்கே பதில் சொல்லத் தொடங்குவார்கள். அந்த விசாரணை எதற்கென்று உங்களுக்கும் தெரியும். வெவ்வேறு பின்புலமுள்ள இருவராக, அவர்களில் ஒருவர் பெண்ணாக, இணைத்து அனுப்புங்கள். சாதி விவரத்தைத் தெருவோடு சேர்த்து ஒருபோதும் வெளியிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்ட அட்டவணை தேர்தல் நேரத்தில் வேறு யாருக்கோ வரைபடமாகிவிடும்.

கேள்வித்தாள் இல்லாமலேயே கண்ணால் அளக்கக்கூடியவையும் உண்டு. என்னைக் கேட்டால் செட்டிநாட்டில் மிக நேர்மையான அளவுகோல் ஊரணிதான். வீட்டுக் கூரையிலும் தெருவிலும் விழும் மழை வாய்க்கால் வழியே ஊரணிக்குப் போகும்படித்தான் நம் ஊர்களை அமைத்தார்கள். அந்த வரத்துக்கால் ஒரே சமூகத்தின் தெருவில் மட்டும் ஓடுவதில்லை. மேல்தெருவில் ஒருவர் சாலையை உயர்த்தினால், நடுத்தெருவில் ஒருவர் கழிவுநீரைத் திருப்பினால், கீழே ஊரணி காய்கிறது அல்லது நாறுகிறது. ஐப்பசியில் முதல் பெருமழைக்கு மறுநாள், பத்து ஊரணிகளைத் தேர்ந்து வரத்துக்கால் நெடுக நடந்து வாருங்கள். எத்தனை இடத்தில் அடைப்பு, எத்தனை ஆக்கிரமிப்பு, யார் சுத்தம் செய்தார்கள், கூலிக்கா ஊர்கூடியா, அதில் எந்தெந்தத் தெருக்காரர்கள் என்று எழுதுங்கள். பல தெருவார் ஒன்றாகப் பேசிக்கொள்கிறார்களா என்பதற்குத் தண்ணீரைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாவது, திருவிழா. திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வந்தது என்பது ஒன்றையும் சொல்லாது. யார் வடம் பிடித்தார்கள் என்பது சொல்லும். தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில் தலித் மக்களும் தேர் வடம் பிடிக்க உரிமை கேட்டதை ஒட்டி எழுந்த பிரச்சினை 1990களின் இறுதியிலிருந்து நீதிமன்றம் வரை போனது. தேர் 17 ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024 ஜூனில் பலத்த போலீஸ் பாதுகாப்புடன் ஓடியது. ஓடியது மகிழ்ச்சி. அறிக்கையில் எழுத வேண்டிய எண் எது? பாதுகாப்புக்கு வந்த காவலர்களின் எண்ணிக்கை, ஆண்டுக்கு ஆண்டு. அது குறைந்துகொண்டே வந்து, எல்லாச் சமூகத்தாரின் கையும் வடத்தில் இருந்தால், ஊர் தேறுகிறது என்று எழுதலாம். உங்கள் ஊர்த் திருவிழா ஒவ்வொன்றுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கத் துணிவு வேண்டும்; நீங்கள் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, மனுக்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக்கள் குவிந்தால் ஊர் கெட்டுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதும். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். எந்தப் பகுதியிலிருந்து மனுவே வரவில்லையோ அங்கேதான் எனக்குக் கவலை: அங்கே குறை இல்லாமல் இருக்கலாம், கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டவர்களாகவும் இருக்கலாம். மனுத் தந்தவர்களில் ஐம்பது பேரைத் தேடிப் போய், "முடித்து வைக்கப்பட்டது" என்று பதில் வந்த காரியம் உண்மையில் நடந்ததா என்று கேளுங்கள். காகிதத்துக்கும் தெருவுக்கும் உள்ள இடைவெளியை ஒரே எண்ணாகச் சொல்ல முடிந்தால் உங்கள் அறிக்கையில் ஆணையர் முதலில் படிக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

பெண்களின் நடமாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவைச் சான்றிதழால் மட்டும் அளந்திருந்தால் அந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது. இன்று மாலை ஏழு மணிக்குப் பூங்காவிலும் நூலகத்திலும் பஸ் நிலையத்திலும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணினால் போதும். செலவே இல்லாத அளவீடு.

எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடும் ஆசை கடைசியில் வரும். அமெரிக்காவில் 2006 முதல் வெளியாகும் குடிமை நலக் குறியீட்டறிக்கைகளில்கூட வாக்களிப்பு, தன்னார்வத் தொண்டு, அண்டை வீட்டாரோடு பழகுவது ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டுவதுதான் பயன்பட்டது. ஒற்றை எண் வந்தால் நல்லது கெட்டதை மூடிவிடும். கோவில் திருப்பணிக்கு வரும் நன்கொடையும் வாடகை வீடு மறுக்கப்பட்டவரின் பதிலும் ஒன்றையொன்று ஈடுகட்டக் கூடாது.

கணக்கெடுக்கும் காலத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தை முதல் பங்குனி வரை வேண்டாம். பொங்கல், மஞ்சுவிரட்டு, முத்துமாரியம்மன் திருவிழா என்று வெளியூர்க்காரர்கள் வந்து ஊர் நிறைந்திருக்கும், எல்லாரும் ஒற்றுமையாகவே தெரிவார்கள். ஆடி, ஆவணியில் வீடு வீடாகப் போங்கள். ஐப்பசி மழையில் ஊரணிகளைப் பாருங்கள். கார்த்திகைக்குள், மாநகராட்சியிடம் கொடுக்கும் முன்பே, பதில் சொன்ன தெருக்களுக்குப் போய்க் கண்டதைப் படித்துக் காட்டுங்கள். "இது தவறு" என்று அவர்கள் சொன்னால் அதையும் அறிக்கையில் சேருங்கள். இரண்டு ஆண்டு கழித்து இதே மாதங்களில், இதே கேள்விகளோடு மறுபடியும் போங்கள்.